எந்திரிக்கக் கூடாதும்மா

என் மகள் ஐந்தாம் வகுப்பில் படிக்கும்போது, மழைநீர் சேகரிப்பைப் பற்றிப் பள்ளிக்கூட மேடையில் பேசப்போவதாகச் சொன்னாள். எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. எங்கள் சிவகாசிப் பக்கம் தீபாவளி சீசனில் வானம் லேசாகக் கறுத்தாலே எல்லாரும் வாசலுக்கு ஓடுவோம். வீட்டுக்கு முன்னால், பசை தடவி நான் உருட்டிய வெடிக் குழாய்கள் காய்ந்துகொண்டிருக்கும். எல்லாம் வெறும் தாள். நாலு தூறல் விழுந்தால் அத்தனையும் கூழாகிவிடும்.

"ஊரே மழை வந்துரக் கூடாதுன்னு கும்பிடுது. நீ அதைச் சேத்து வைக்கப் போறியாக்கும்?" என்றேன்.

"டீச்சர் குடுத்த தலைப்பும்மா," என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள்.

நான் கேலி செய்திருக்கக் கூடாது. முந்தின வருஷம் இதே பிள்ளை "அனைவருக்கும் வணக்கம்" என்றதோடு வாயடைத்து நின்று, அழுதுகொண்டே மேடையை விட்டு இறங்கியவள். அன்றைக்குக் குழாய்களை ஆலைக்கு லோடு ஏற்றுகிற நாள் என்று நான் போகவில்லை. அதற்கப்புறம் வகுப்பே அவளை 'வணக்கம், வணக்கம்' என்று கூப்பிட்டுப் பாடாய்ப் படுத்தியது. அந்தப் பிள்ளைகளை நாலு சாத்துச் சாத்தலாமா என்று எனக்கு ஆத்திரம் வந்தது. போகாமல் இருந்த என்னை யார் சாத்துவது?

இந்தத் தடவை அவள் கறாராகச் சொல்லிவிட்டாள். "நீ மொத வரிசையில உக்காரணும். நான் முடிக்கிற மட்டும் எந்திரிக்கக் கூடாதும்மா. உன்னையப் பாத்துத்தான் பேசுவேன்."

"சரி தாயி, எந்திரிக்க மாட்டேன்."

பத்து நாள், நான் குழாய் உருட்ட உருட்ட எதிரே நின்று பேசிப் பழகினாள். 'நிலத்தடி நீர்மட்டம்' வரும் இடத்தில் மட்டும் திக்குவாள். நான் கையை நிறுத்தாமல் எடுத்துக் கொடுப்பேன்.

அன்று காலை குழாய்களைப் பரப்பிவிட்டு, பேச்சில் காட்ட அவள் செய்திருந்த தெர்மாகோல் வீட்டைச் சுமந்துகொண்டு நான் முன்னால் போனேன். கதவைப் பூட்டிவிட்டு அவள் வந்து சேர அரை மணி நேரமாயிற்று.

"இம்புட்டு நேரம் என்னடி பண்ணுன?" என்று பள்ளிக்கூட வாசலிலேயே வைதேன். அவள் பாவாடையில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

தகரக் கொட்டகையில்தான் விழா. மைக் முன்னால் நின்றாள். என்னைப் பார்த்தாள். வணக்கத்தைத் தாண்டினாள். அப்பாடா என்று எனக்கு மூச்சு வந்தது. தெர்மாகோல் வீட்டின் கூரையைத் தொட்டுக் காட்டிப் பேசிக்கொண்டிருந்தபோது, எங்கள் தலைக்கு மேல் தகரத்தில் படபடவென்று சத்தம்.

"அய்யய்யோ, குழாய்!"

கத்தியது நான்தான். எனக்குப் பின்னால், என்னைப்போல் குழாய் உருட்டும் பத்துப் பன்னிரண்டு பெண்கள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தார்கள். நான் வாசலுக்கு வந்து ஒரு காலை வெளியே வைத்தும்விட்டேன். அப்போதுதான் மைக்கில் குரல் நின்றுபோனது உறைத்தது. திரும்பினேன். அவள் என் காலி நாற்காலியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பாவி, கெடுத்துவிட்டேனே என்று வெளியே வைத்த காலை உள்ளே இழுத்துக்கொண்டேன்.

அவள் மைக்கைக் கிட்டே இழுத்தாள்.

"எம்மா, குழாயெல்லாம் நான் காலையிலயே உள்ள அள்ளி வச்சிட்டேன். வந்து உக்காரு."

கொட்டகையே சிரித்தது. அவள் அழவில்லை. சிரிப்பு அடங்கும் வரை பொறுத்திருந்து, எழுதி வைத்த தாளில் இல்லாததைச் சொன்னாள்: "நம்ம ஊர்ல மழை வந்தா எல்லாரும் ஓடுறோம். தண்ணியும் ஓடிருது. அதைக் கொஞ்சம் நிப்பாட்டி வைக்கச் சொல்லத்தான் வந்தேன்."

மற்ற பெண்கள் மழையில் ஓடினார்கள். நான் வெட்கமும் பெருமையுமாக முதல் வரிசைக்குத் திரும்பி வந்து உட்கார்ந்தேன். நிலத்தடி நீர்மட்டத்தில் அவள் திக்கவே இல்லை.

வீட்டுக்குப் போகும் வழியில் கேட்டேன். "மழை வரும்னு உனக்கு எப்படிடி தெரியும்?"

"மழை வரும்னு எனக்கு எங்க தெரியும்? வந்தா நீ எந்திரிப்பன்னு தெரியும்."