பித்தளைப் பொத்தான்கள்

இன்று அம்மாவோடு எங்கள் அஜின்கோர்ட் பகுதிக் கடைக்குப் போனேன். வாசலில், போரில் இறந்தவர்களின் நினைவாகச் சட்டையில் குத்தும் பொப்பிப் பூக்களின் பெட்டியோடு நின்ற முதியவரின் சீருடையில் பூச்சி உருண்டை மணத்தது. அந்த மணத்தில் நான் மறுபடியும் ஆறு வயதுப் பிள்ளையாகிவிட்டேன்.

அப்போது எங்கள் மாடிக் குடியிருப்பில் பக்கத்து வீட்டில் பீற்றர் அங்கிள் இருந்தார். போரில் அவருடைய கப்பல் மூழ்கியபோது ஒரு கையையும் தம்பியையும் இழந்தவர். போரில் இறந்தவர்களை நினைவுகூரும் நவம்பர் நாளில் அங்கிள் சீருடையோடு லிஃப்டுக்குள் வந்தார். ஊரில் ஆமிச் சீருடைக்குப் பயந்து நாட்டைவிட்டு ஓடிவந்த அம்மா என்னைச் சுவரோடு சேர்த்து மறைத்துக்கொண்டார். அதைக் கண்ட அங்கிள் அடுத்த மாடியிலேயே இறங்கிவிட்டார்.

மறுவருடம் அதே நாளில் அங்கிள் சாதாரணக் கோட்டோடு லிஃப்ட் வாசலுக்கு வந்தார். கையிலிருந்த சலவைப் பைக்குள் பித்தளைப் பொத்தான்கள் மினுங்கின. அம்மாவுக்கு விளங்கிவிட்டது; என்னிடம் திரும்பினார்.

"உந்தச் சீருடையைப் போட்டுக்கொண்டு போகச் சொல்லு பிள்ளை. தம்பியை நினைக்கப் போற மனுசன், எங்களுக்காக ஒளிச்சுக்கொண்டு போறதே?"

நான் ஆங்கிலத்தில் சொன்னேன். அங்கிள் அந்த வாசலிலேயே சீருடையை மாட்டினார். ஒற்றைக் கையால் பொத்தான் பூட்டத் திணறினார். அம்மா கிட்டப் போய் ஒவ்வொன்றாகப் பூட்டிவிட்டார்.

இன்றைக்குக் கடை வாசலில் பூவைக் குத்திவிட அந்த முதியவர் நெருங்கியபோது, எனக்கு முந்தி அம்மா தன் கோட்டுக் கழுத்தை நீட்டினார்.