ஒரு கிண்ணம் சூப்பும் ஓர் ஓட்டும்

சேணம் தைக்கும் ஜேபஸ் லஸ்கோம்ப் ஒரு கிண்ணம் சூப்புக்குத் தன் ஓட்டை விற்றுவிட்டான் என்று லட்கோம்ப் ஊர் மதுக்கடை முழுக்கப் பேச்சு. விலை மலிவாக இருந்ததால் சந்தேகம் வந்தது. நேரே அவன் வீட்டுக்கே போய்க் கேட்டேன்.

"வித்தேனா? வாங்கினவன் யாரு, அவனைக் கூட்டிட்டு வாங்க ஐயா!" என்று கையிலிருந்த ஊசியை மேசையில் குத்தினான்.

எங்கள் ஊரில் ஓட்டுக்கு ஆதாரம் பானை. சொந்த அடுப்பில் சொந்தப் பானை கொதிக்க வேண்டும். ஓராண்டுக்குள், ஏழைகளுக்கு ஊர் கொடுக்கும் தர்மத்தைத் தொட்டிருக்கக் கூடாது; தொட்டால் ஓட்டு போச்சு. தேர்தல் வந்தால் ஆண்கள் அடுப்பையும் பானையையும் தெருவுக்கே கொண்டுவந்து, நாலு பேர் பார்க்கக் கொதிக்கவிடுவார்கள். மன்னனும் சட்டத்துக்குக் கீழே என்று பட்டயம் எழுதி வாங்கிய ஆங்கிலேயர் நாடு இது. அந்தச் சட்டத்துக்கும் கீழே டர்னிப் கிழங்கு வெந்துகொண்டிருக்கிறது.

ஜூன் மாதத் தேர்தலுக்கு ஜேபஸும் பானை வைத்தான். முப்பது வருஷமாக வைக்கிறவன். குத்தகையை ஏற்றிவிட்டுத் தேர்தலிலும் நின்ற துரைக்கு எதிராக ஓட்டுப் போடுவதென்று ஒரு வருஷமாகக் காத்திருந்தவன். மேடை ஏறி, எல்லார் காதிலும் விழ, துரையின் எதிர் வேட்பாளர் பெயரைச் சொல்லி, "ஹாலெட்டுக்கு!" என்று கத்தினான்.

ஏழைகள் நிதியைப் பார்க்கும் கிரெண்டன் எழுந்து ஒரு பேரேட்டைத் திறந்தார். துரையின் குத்தகையை வசூலிப்பவரும் அவரேதான்.

"ஜனவரி ஒன்பது. லஸ்கோம்ப் வீடு. சூப், ஒரு கிண்ணம். தர்மம்."

ஓட்டுச் செல்லாது என்று அடித்துவிட்டார்கள். கூட்டம் சிரித்தது.

"குளிர்காய்ச்சல்ல கிடந்தேன்," என்று என்னிடம் சொன்னாள், வீட்டில் இருந்த ஜேபஸின் மனைவி தாமசின். "அந்த கிரெண்டனே கிண்ணத்தோட வந்து நின்னாரு. 'துரையம்மா விசாரிச்சாங்க, சூடா இருக்கு, குடிங்கம்மா'ன்னாரு. தர்மம்னு ஒரு வார்த்தை சொன்னாரா? சொல்லியிருந்தா அவர் மூஞ்சியிலயே ஊத்தியிருப்பேன்."

"ருசி எப்படி?" என்று கேட்டேன்.

"கழுவின தண்ணி."

"முழுசையும் குடிச்சியேடி!" என்றான் ஜேபஸ்.

"ஆமா, செத்துப்போயிருந்தா உன் ஓட்டு பொழைச்சிருக்கும். தப்புதான்!"

அவன் தலைகுனிந்தான். அதற்கு மேல் சிரிக்க எனக்கும் மனம் வரவில்லை.

பேரேட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். அந்தக் குளிர்காலத்தில் பதினான்கு கிண்ணங்கள். பதினான்கும் ஹாலெட்டின் ஆட்கள் பதினான்கு பேர் வீட்டுக்கு. துரையின் பக்கம் நிற்கும் ரொட்டிக்காரன் வீட்டுக்கு நான்கு நாள் சூப் போனதைத் தெருவே பார்த்தது. பேரேட்டில் ஒரு வரி இல்லை. லட்கோம்பில் காய்ச்சல்கூடக் கட்சி பார்த்துத்தான் வருகிறது போலிருக்கிறது. துரை ஜெயித்தது ஒன்பது ஓட்டில். இப்போது பாராளுமன்றத்தில் உட்கார்ந்து ஆங்கிலேயனின் தொன்மையான சுதந்திரத்தைப் பற்றி முழங்குகிறார். அந்த வாயில் சூடாக எதையாவது ஊற்றலாம் என்று எனக்கும் தோன்றுகிறது.

ஜேபஸ் ஒரு வழி கண்டுபிடித்தான். திருப்பிக் கொடுத்தால் அது கடன்தானே, தர்மம் ஆகாதே? அடுத்த தேர்தல் எப்போது வந்தாலும் பேரேட்டில் அந்த வரி இருக்கக் கூடாது. போன ஞாயிறு, ஜனவரியில் வந்த அதே ஈயக் கிண்ணத்தில் தாமசின் வைத்த பார்லி சூப்பை ஏந்திக்கொண்டு தேவாலய வாசலில் கிரெண்டனை மறித்தான். நானும் உடன் நின்றேன்.

"உங்க சூப்பு. எடுத்துக்கிட்டு அந்த வரியை அடிச்சிடுங்க."

கிரெண்டன் மோந்து பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு. நன்கொடையா குடு, வாங்கிக்கறேன். கடன்னு சொன்னா வாங்க எனக்கு அதிகாரம் இல்லப்பா."

"நான் உமக்குத் தர்மம் போடணுமா? அப்புறம் உம்ம ஓட்டு போயிடுமே ஐயா!"

வாசலில் நின்ற கூட்டம் இந்தமுறை கிரெண்டனைப் பார்த்துச் சிரித்தது. அவர் தொப்பியை அழுத்திக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

சூப் ஆறிப்போனது. ஜேபஸ் கிண்ணத்தைச் சிந்தாமல் வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுபோனான். பேரேட்டில் அந்த வரி அப்படியே இருக்கிறது. வருகிற ஞாயிறுக்குத் தாமசின் பார்லி ஊறவைத்திருக்கிறாள்.