பெல்க்கி என்ற பெயர்

மிச்சிகனில் பெல்க்கி என்னும் சிறு நகரத்தில் பள்ளிப் பேருந்து ஓட்டிவந்தாள் டோரீன் பெல்க்கி. ஊருக்குப் பெயர் தந்த குடும்பத்தோடு அவளுக்கு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. பெல்க்கி என்பது வேறு ஊரிலிருந்து வந்து இறந்துபோன அவள் கணவனின் பெயர். ஊருக்குப் பெயர் தந்த குடும்பத்தின் தோல் ஆலை ஆற்றில் விட்ட கழிவால் பிள்ளைகள் நோயில் விழுந்தார்கள். முதலாளிகள் ஊரைவிட்டே ஓடிப்போனார்கள். அந்தப் பெயரோடு மிஞ்சியவள் டோரீன் மட்டும்தான்.

முதலில் ஊர்க்காரர்கள் அவளைத் தொலைபேசியில் திட்டினார்கள். பிறகு சமையலறை ஜன்னலை உடைத்துக்கொண்டு ஒரு கல் வந்து விழுந்தது. அதன்பின் யாராவது தட்டினால் கதவுச் சங்கிலியை மாட்டிவிட்டுத்தான் எட்டிப் பார்த்தாள்.

ஞாயிறு மதியம் வெர்னன் டகெட் வந்து தட்டினான். சமீபத்தில்தான் அந்த நோய்க்கு மகளைப் பறிகொடுத்தவன். டோரீன் சங்கிலியைக் கழற்றாமல் கதவைக் கொஞ்சமாகத் திறந்தாள்.

"வெர்னன், நான் அந்தக் குடும்பம் இல்லப்பா. சத்தியமா."

"தெரியும். என் பொண்ண தினமும் ஸ்கூலுக்குக் கூட்டிட்டுப் போனது நீங்கதானே." அவன் தலை குனிந்தான். "கல்லெறிஞ்சது நான்தான். எறியறதுக்கு ஊர்ல வேற பெல்க்கி யாரும் இல்ல. கண்ணாடி மாத்தித் தர்றேன்."

டோரீன் சங்கிலியைக் கழற்றினாள். ஆனாலும் அவன் வேலையை முடிக்கும்வரை கார்ச் சாவியை இறுகப் பிடித்துக்கொண்டு வாசலருகிலேயே நின்றாள்.