ரங்கூன் கப்பல் போன மறுநாள்

பக்கத்து ஃப்ளாட் பெண் நேற்று மத்தியானம் ஒரு பெரிய டப்பாவோடு வந்து நின்றாள். "சார், நாளைக்குப் பாப்பாவுக்கு பர்த்டே. எங்க ஃப்ரிட்ஜ்ல இடமே இல்ல. இத உங்க வீட்ல வச்சுக்கட்டுமா?" என்றாள். நான் மணலி புதுநகருக்குக் குடிவந்து ஆறு வருஷம் ஆகிறது. இத்தனை நாளில் ஒருவர் என்னிடம் கேட்டு வந்த பொருள் ஃப்ரிட்ஜில் இடம்தான். அது என்னிடம் நிறையவே இருக்கிறது. ஒரு பால் பாக்கெட், ஒரு தயிர்க் கிண்ணம், மற்றதெல்லாம் காலி. தாராளமாக வையம்மா என்றேன்.

அவள் போனதும் டப்பாவைத் திறந்து பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாதுதான். எண்பதை நெருங்கும் தனிக்கட்டைக்கு வேறென்ன பொழுதுபோக்கு, சொல்லுங்கள். வெள்ளைத் துணியை நனைத்துப் பிழிந்து மேலே போர்த்தியிருந்தாள். விலக்கினால் முக்கோணம் முக்கோணமாகப் பச்சைச் சட்னி சாண்ட்விச். புதினா வாசனை குப்பென்று மூக்கில் ஏறியது. கூடவே ஐரீன் ஞாபகமும் வந்துவிட்டது.

ஐரீன் எங்கள் ஆபீஸ் டைப்பிஸ்ட். ராயபுரத்து ஆங்கிலோ இந்தியப் பெண். ஐம்பதுகளின் தொடக்கத்தில் துறைமுகத்தில் ஒரு கப்பல் ஏஜெண்டின் ஆபீசில் நான் குமாஸ்தாவாக இருந்தேன். நாங்கள் மொத்தம் ஆறு பேர். வண்ணாரப்பேட்டை காதர் கப்பலடியில் நின்று மூட்டை எண்ணுகிறவர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், ஆனால் பேச்சில் தோஸ்து. இவர்கள் இருவரும்தான் எனக்கு நெருக்கம். மற்ற மூவரும் நல்லவர்கள்தான், பெயர் சொல்லி உங்களைக் குழப்ப மாட்டேன்.

எங்கள் ஆபீசில் தேதியும் கிழமையும் லீவு எழுதிக் கொடுக்க மட்டும்தான். மற்றதெல்லாம் கப்பல் கணக்கு. காதரின் இரண்டாவது பெண் பிறந்தது எப்போது என்று கேட்டால், "கொழும்பு கப்பல் வந்து ரெண்டாம் நாளு" என்பார். அதில் ஒரு நியாயமும் இருந்தது. கப்பல் துறையில் நிற்கிறவரை யாரும் நேரத்துக்கு வீடு திரும்ப முடியாது. அது கிளம்பிய மறுநாள்தான் எல்லாருக்கும் மூச்சு வரும். முடி வெட்டிக்கொள்வதும் பெண் பார்ப்பதும் அன்றைக்குத்தான்.

அந்த வருஷம் கிறிஸ்துமஸுக்கு ஐரீன் வீட்டில் எங்களுக்கு டீ பார்ட்டி. மேஜை நடுவில் ஒரு பச்சை மரம் நின்றது. கிட்டே போனால் எல்லாம் சாண்ட்விச். முக்கோணத் துண்டுகளை வட்டமாக அடுக்கி, மேலே போகப் போகக் குறைத்து, உச்சியில் ஒரு தக்காளித் துண்டைக் குத்தியிருந்தாள். நான் வெட்கமில்லாமல் ஒன்பது தின்றேன். ஐரீன் எண்ணிக்கொண்டே இருந்திருக்கிறாள்.

"இன்னா மேன், எல்லார் வூட்லயும் நல்லா துன்னே. உன் வூட்டுக்கு எப்ப கூப்புடப் போறே?"

ரம்ஜானுக்குக் காதர் வீடு, பொங்கலுக்கு இன்னொருவர் வீடு என்று ஒன்று விடாமல் தின்றிருந்தேன். என் அறைக்கு மட்டும் யாரையும் கூப்பிட்டதில்லை. அறை என்றால் ராஜம்மாள் என்கிற அம்மாளின் வீட்டு மொட்டைமாடியில் ஓடு வேய்ந்த ஒரு மூலை. "ரங்கூன் கப்பல் போன மறுநாள் சாயங்காலம் எல்லாரும் வாங்க" என்றேன். 'என் வீட்டுக்கு வாங்க' என்று ஒருவரிடம் சொன்னது எனக்கு வாழ்க்கையிலேயே அதுதான் முதல் தடவை. சொன்னதும் காதெல்லாம் சூடாகிவிட்டது.

அந்தப் பச்சை மரத்தையே செய்வதென்று முடிவு கட்டினேன். ஐரீன் சொல்லிக் கொடுத்தாள். "முந்தின நாளே பண்ணிடணும் மேன். அப்பத்தான் சட்னி ரொட்டியில ஊறும். எலுமிச்சம்பழம் புழிய மறந்தே, கறுத்துப் பூடும். மேல ஈரத்துணி. துணி காயக் கூடாது."

ரங்கூன் கப்பல் புதன்கிழமை சாயங்காலம் கிளம்புவதாக இருந்தது. புதன், வியாழன், வெள்ளி மூன்று நாள் லீவு எழுதிக் கொடுத்தேன். செய்ய ஒரு நாள், விருந்துக்கு ஒரு நாள், பாத்திரம் கழுவ ஒரு நாள். சிரிக்காதீர்கள், அப்போது எனக்கு அது ரொம்பச் சரியாகவே பட்டது.

புதன்கிழமை விடிந்ததிலிருந்து மழை. கீழே ராஜம்மாளின் அம்மியைக் கேட்டு வாங்கி, கொத்துமல்லி, புதினா, பச்சை மிளகாய், தேங்காய் எல்லாம் வைத்து அரைத்தேன். கையெல்லாம் எரிந்தது.

"இன்னா நைனா, வூட்ல எதுனா விசேசமா? ஒரு கட்டு புதினாவ இந்த அரை அரைச்சிகினு கீறே," என்றாள் ராஜம்மாள்.

"ஆபீஸ்ல இருந்து வராங்க. அஞ்சு பேர்" என்றேன். அந்த அஞ்சை நான் சொன்ன மாதிரி ஐந்நூறைக்கூட எவனும் சொல்லியிருக்க மாட்டான்.

ரொட்டியின் ஓரங்களை வெட்டி, வெண்ணெய் தடவி, சட்னி பூசி, முக்கோணமாக அறுத்து அடுக்கினேன். மரம் சற்றே ராயபுரம் பக்கமாகச் சாய்ந்தது, அவ்வளவுதான். வேட்டியைக் கிழித்து நனைத்துப் போர்த்தினேன். விளக்கு வைக்கிற நேரத்துக்குத் துறைமுகத்தில் சங்கு ஊதியது. ரங்கூன் கப்பல் கிளம்பிவிட்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எந்தக் கப்பலின் சங்கு எது என்று சத்தத்திலேயே தெரியும் என்று அப்போது எனக்கு ஒரு மிதப்பு.

வியாழக்கிழமை நாலு மணிக்கே சட்டை மாற்றிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். ராஜம்மாளிடம் இரவல் வாங்கிய தட்டுகளை வரிசையாக வைத்தேன். துணி காயக் காயத் தண்ணீர் தெளித்தேன். ஐந்து, ஆறு, ஏழு மணி. மாடிப்படியில் ஒரு தடவை காலடிச் சத்தம் கேட்டது, எழுந்து ஓடினேன். ராஜம்மாள் துணி எடுக்க வந்திருந்தாள். யாரும் வரவில்லை. ஒருவர்கூட வரவில்லை.

எனக்கு அழுகை வந்தது என்று சொல்வதில் இப்போது வெட்கமில்லை. பெரிய மனிதர்கள் வீட்டில் தின்கிறவன், நம் வீட்டுக்கு யார் வருவார்கள் என்று என்னை நானே ஏசிக்கொண்டேன். ஒரு துண்டை எடுத்து வாயில் வைத்தேன். நன்றாகவே வந்திருந்தது, அது இன்னும் எரிச்சலாக இருந்தது. தட்டை அப்படியே கீழே கொண்டுபோய் ராஜம்மாளிடம் கொடுத்து, தெருவில் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடச் சொன்னேன்.

மறுநாள் காலையிலேயே அறையைப் பூட்டிவிட்டுக் கிளம்பினேன். கரையோரமாகவே நடந்து திருவொற்றியூர் போய், அங்கே கோயில் குளக்கரையில் உட்கார்ந்து, அவர்கள் ஐந்து பேரும் சேர்ந்த ஆபீசில் இனி நான் ஒருத்தன் எதற்கு என்றெல்லாம் யோசித்துவிட்டு, இருட்டும்போது திரும்பினேன். ராஜம்மாள் வாசலிலேயே நின்றாள்.

"எங்க நைனா பூட்டே? உன்னத் தேடிகினு அஞ்சு பேரு வந்தாங்க. ஒரு சட்டக்காரப் பொண்ணு, கவுனு போட்டுகினு, கையில கேக்கு வச்சிகினு நின்னுச்சி. அரை மணி பாத்துட்டு இப்பத்தான் போனாங்க. காலையிலயே பூட்சி, ராவெல்லாம் தூங்கல போலகீது, மூஞ்சே சரியில்லன்னு அவங்ககிட்ட சொன்னேன்."

அப்போதுதான் புத்தியில் உறைத்தது. புதன்கிழமை மழை. மழை பெய்தால் ரங்கூனுக்குப் போகிற வெங்காய மூட்டை நனையும், ஏற்ற மாட்டார்கள். ஏற்றாமல் கப்பல் கிளம்பாது. துறைமுகத்தில் ஒரு வருஷம் குப்பை கொட்டியவனுக்கு, மழையைப் பார்த்துக்கொண்டே அம்மியில் அரைத்தவனுக்கு, இது தோன்றவில்லை. நான் கேட்ட சங்கு வேறு ஏதோ கப்பலுடையது. ரங்கூன் கப்பல் வியாழக்கிழமைதான் போயிருக்கிறது. அவர்கள் சொன்ன நாளில் சரியாக வந்திருக்கிறார்கள்.

சனிக்கிழமை, நடந்ததை அப்படியே சொல்லிவிடுவது என்றுதான் ஆபீசுக்குள் நுழைந்தேன். எதிரே வந்த காதர் என் தோளில் கை வைத்தார்.

"இன்னா நைனா, காலையிலயே பூட்டேன்னு வூட்டுக்காரம்மா சொல்லிச்சி. ஊர்ல இருந்து தந்தி வந்துச்சா? யாருக்கு முடியல? அம்மாவுக்கா?"

ஐரீன் டைப் அடிப்பதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தாள். ஐந்து பேர் முகத்திலும் அப்படி ஒரு கவலை. நீங்கள் யாரும் வரவில்லை என்று நினைத்துக் கோபித்துக்கொண்டு போனேன் என்று அந்த முகங்களிடம் எப்படிச் சொல்வது? ஆமாம் என்று தலையை ஆட்டினேன். ஒரே ஒரு ஆட்டுதான்.

என் அம்மா எனக்கு மூன்று வயதிலேயே போய்விட்டாள். முகம்கூடத் தெரியாது. சித்தப்பா வீட்டிலும் ஹாஸ்டலிலும் வளர்ந்தேன்.

அதன்பிறகு தினமும் விசாரிப்புதான். "அம்மாவுக்கு இப்ப எப்படி கீது?" என்பார் காதர். தேவலை என்பேன். தர்காவில் ஓதி ஒரு தாயத்து வாங்கி வந்து கொடுத்தார். ஐரீன் ஞாயிற்றுக்கிழமை தோறும் சர்ச்சில் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினாள். கஞ்சி குடிக்கிறாளா, எழுந்து நடக்கிறாளா என்று கேட்பாள். நான் சொல்லச் சொல்ல, அம்மாவுக்கு ஒரு கட்டில், ஒரு ஜன்னல், காபி ஆறியிருந்தால் கோபம் என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்துகொண்டே போனது. ராஜம்மாள் ஏதாவது உளறிவிடுவாளோ என்ற பயத்தில் அவர்களை அறைக்கு மறுபடி நான் கூப்பிடவே இல்லை. அவர்களும் இவனுக்கு இருக்கிற பேஜாரில் நாம் வேறு எதற்கு என்று கேட்கவில்லை.

இரண்டு வருஷம் கழித்து ஐரீன் குடும்பம் இங்கிலாந்து கிளம்பியது. பம்பாய் ரயில் ஏற்றிவிட சென்ட்ரலுக்குப் போனோம். இப்போதாவது சொல்லிவிடலாம் என்று ஜன்னலோரமாகவே நின்றேன். வண்டி நகர்ந்ததும் அவள் கையை நீட்டி என் கையைப் பிடித்தாள்.

"அம்மாவ நல்லாப் பாத்துக்கோ மேன். அங்க போயும் நான் ப்ரே பண்ணுவேன்."

சரி என்றேன்.

ரங்கூன் கப்பல் நின்றுபோய் எத்தனையோ காலமாகிவிட்டது. எங்கள் ஆபீஸ் இருந்த இடத்தில் இப்போது கண்டெய்னர்களை அடுக்கி வைத்திருக்கிறார்கள். ராஜம்மாளின் வீட்டை இடித்துவிட்டார்கள். ஐரீனிடமிருந்து ஒரு கிறிஸ்துமஸுக்கு வாழ்த்து வந்தது, அதிலும் அம்மாவைக் கேட்டிருந்தாள், நான் பதில் போடவில்லை. காதர் மௌத்தாகிப் பதினைந்து வருஷம் ஆகிறது. கடைசியாக ஆஸ்பத்திரியில் பார்த்தபோதும், மூச்சு வாங்க வாங்க, "அம்மா எப்ப தவறுனாங்க, எங்கிட்ட சொல்லவே இல்லியே நைனா" என்றுதான் கேட்டார். அவருக்குப் பிறகு என் அம்மாவைப் பற்றிக் கேட்க ஒருவரும் இல்லை.