கெலெபியண்ணனோட முன்பல்லு

கெலெபியண்ணன நெனச்சா இப்பவும் எனக்கு மனசு ஆறல. (பேர மாத்திட்டேன், ஏன்னு கடைசில தெரியும்.) ஹாபாய் தீவுல எங்க சர்ச் பேண்டுல முதல் ட்ரம்பெட் அவருதான். அப்ப வயசு இருபத்தெட்டு. ட்ரம்பெட்ட விட்டா அவருக்கு வேற எதுவுமே கிடையாது. முன்பல்லு கெட்டியா நின்னாதான் அத ஊத முடியும்.

அந்தப் பல்லுதான் ஆட ஆரம்பிச்சுது. ஈறுல ரத்தம், வாயில நாத்தம். கவாங்கிற வேர்ச்சாறு குடிக்க எல்லாரும் வட்டமா உக்காந்தா, பக்கத்துல இருக்கிறவன் நைசா நகருவான்.

"ஏன்டா, பல்லு விளக்கறதுக்கும் ஞாயித்துக்கிழம லீவா?"

"அட, இவனுக்கு வாரம் பூரா ஞாயித்துக்கிழமதான்டா!"

அப்புறம் அவரு வட்டத்துக்கே வர்றதில்ல. கடற்கரையில தனியா நின்னு ஊதுவாரு.

நான் நர்ஸா இருக்கிற பல் கிளினிக்குக்கு அவரு வந்தப்ப கேட்டேன், "உங்க குடும்பத்துல யாருக்காச்சும் இப்படி இருக்காண்ணே?"

"இல்லம்மா. அம்மாவுக்கு அறுபத்தஞ்சு, இன்னும் கரும்பு கடிப்பாங்க."

எழுதிக்கிட்டேன். நல்லா விளக்குங்கன்னு ஒரு பிரஷ்ஷ குடுத்து அனுப்பிட்டேன். ஊரு மாதிரியே நானும்தான் விளக்காத பயன்னு நெனச்சுட்டேன்!

அவரு பொய் சொல்லல. கைக்குழந்தையிலயே அவர பிள்ளை இல்லாத அத்தைக்கு குடுத்துட்டாங்க. எங்க ஊர்ல அது சகஜம். வளர்த்தவதான் அம்மா, அவ வீடுதான் குடும்பம். பெத்தவங்கள சொன்னா வளர்த்தவள தள்ளி வெச்ச மாதிரி.

ரெண்டு வருஷம் கழிச்சு, பெத்தவ செத்த சேதி கேட்டு வவா தீவுக்கு கப்பல்ல போனாரு. அங்க துக்கத்துக்குக் கிழிசல் பாய இடுப்புல சுத்திக்கிட்டு, வாயப் பொத்திக்கிட்டு ஒருத்தரு நின்னாரு. கூடப் பொறந்த அண்ணன் லிசியாதே. கைய எடுத்தா, முப்பத்திமூணு வயசுல வாயில ஒரு பல்லு இல்ல!

"என்னண்ணே இது?"

"அப்பாவுக்கும் இப்படித்தான்டா. நம்ம ரத்தம்."

"ஏன் எனக்கு சொல்லல?"

"நீ அவங்க வீட்டுப் பிள்ள. எங்க வீட்டுக் குறைய உன் தலையில எதுக்குடா கட்டணும்?"

அவரு திரும்பி வந்து இத சொன்னப்ப நான் அழுதுட்டேன். ஈறு நோய் சில குடும்பத்துல ரத்தத்தோட வரும். என்னதான் விளக்கினாலும் அடியில எலும்பு கரையும். அன்னிக்கே தெரிஞ்சிருந்தா மூணு மாசத்துக்கு ஒருக்கா வரவெச்சு, ஈறுக்கு அடியில சுத்தம் பண்ணி, போராடியாவது பாத்திருப்பேன். இப்ப முன்பல்லு நாலையும் டாக்டரு எடுத்தப்ப நானேதான் பக்கத்துல நின்னேன்.

"பேண்டுல நான் சொல்றேண்ணே, உங்க தப்பு இல்லன்னு."

"வேணாம்மா. சொன்னா, நான் யாரு பெத்த பிள்ளைன்னு ஊரு மறுபடி பேசும். அம்மா காதுல விழும். பல்லு விளக்காத பயன்னே இருந்துட்டுப் போறேன்."

போன ஞாயித்துக்கிழம பேண்டு வாசிச்சப்ப அண்ணன் கடைசி பெஞ்சுல, தனியா. ஒரு கை வாயப் பொத்தியிருந்துச்சு. இன்னொரு கையில மூணு விரலு, ட்ரம்பெட்டோட மூணு கட்டைய அமுக்குற மாதிரி, தொடையில அமுங்கி அமுங்கி எழும்பிச்சு. ஒரு சுரம் கூட தப்பல.