நிலக்கரி முதலாளிக்கு ஒரு கல்வெட்டு

தொண்ணூறுகளில் ரொறன்ரோவில், வளர்ந்தவர்களுக்கான பள்ளியில் ஆங்கிலம் படித்துக்கொண்டிருந்தேன். அதில் பாஸானால்தான் கொலிஜ். இல்லாவிட்டால் பார்க்டேல் உணவகத்தில் கோப்பை கழுவுவதே கதி. கடைசிக் கட்டுரைக்கு ரீச்சர் எனக்குத் தந்தது வேல்ஸ் நாட்டு முதலாளி ஒருவரின் வாழ்க்கை. மரம் அரிந்து தொடங்கியவர், ரயில் பாதை போட்டு, நிலக்கரி தோண்டி, அதை ஏற்றி அனுப்ப ஒரு துறைமுகமே கட்டினாராம்.

ஒருவரின் வாழ்க்கையை எழுத எனக்குத் தெரிந்தது ஒரே வழிதான். இறந்தவரைப் போற்றி, முப்பத்தோராம் நாளில் யாழ்ப்பாணத்தார் அச்சடித்துக் கொடுக்கும் கல்வெட்டு. அந்தப் புத்தகம் எழுதுவதில் நான் கெட்டிக்காரன் என்று எனக்கு ஒரு நினைப்பு. முதலாளியையும் அதே அச்சில் வார்த்தேன்: நற்குடியில் பிறந்தார், சுற்றம் தாங்கினார், எறும்புக்கும் தீங்கு நினையார், பூவுலகை நீத்தார். மருமக்கள், சம்பந்திமார் விவரம் கிடைக்காததுதான் குறை.

என்னோடு அறையில் இருந்த அண்ணை வாசித்துப் பார்த்தார்.

“உவர் என்ன உன்ரை பெரியப்பாவே? கரி வெட்டினவங்கள் ஒருத்தரையும் காணேல்லை.”

எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. கல்வெட்டில் வேலைக்காரருக்கு என்ன இடம் என்று கேட்டுவிட்டு, அப்படியே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

ரீச்சர் கட்டுரைக்குப் புள்ளி போடவில்லை. கூப்பிட்டார். அவருடைய தாத்தா அந்த நாட்டுச் சுரங்கத்தில்தான் கரி வெட்டினாராம். இறந்தவரைப் பற்றி நாங்கள் குறை எழுதுவதில்லை என்று தட்டுத்தடுமாறி விளக்கினேன். அவர் சிரித்துவிட்டார். அப்படியென்றால் என் தாத்தாவுக்கும் ஒன்று எழுது, பிறகு புள்ளி போடுகிறேன் என்றார்.

இந்த முறை அவரைக் கேட்டுக் கேட்டு எழுதினேன். தாத்தா ஓயாமல் இருமுவாராம். தேவாலயத்தில் எல்லோருடைய குரலையும் அமுக்கிக்கொண்டு பாடுவாராம். லீவு நாளில் ஒரு வேலையும் செய்யாமல் வெயிலில் நிற்பாராம். அட்டையில், கல்வெட்டுகளில் வழக்கமாக வரும் குத்துவிளக்குக்குப் பதிலாகச் சுரங்க விளக்கு வரைந்தேன்.

முதலாளிக்கு ஐம்பத்தைந்து, தொழிலாளிக்கு எண்பது. பாஸ்! பஸ்ஸுக்குக் காத்திராமல் வீடுவரை நடந்தே போனேன், அவ்வளவு சந்தோஷம். அண்ணையிடம் மன்னிப்பும் கேட்டேன்.

மறு வாரம் ரீச்சர் தாத்தாவின் கல்வெட்டை இருபது பிரதி எடுத்துத் தம் உறவினருக்கெல்லாம் அனுப்பினார். முதலாளியைப் பற்றி நூலகத்தில் புத்தகமே இருந்தது. தாத்தாவைப் பற்றி யாரும் எழுதியது இந்த ஒன்றுதானாம்.