சுவரோரம் நடக்கச் சொல்பவள்

பெம் டோமாவிடம் தலைவலி என்று சொல்லிவிட்டுத் தப்ப முடியாது. நேபாள மலையூரான லுங்தென்னில் அவள் நடத்தும் விடுதிக்கு வருகிற வெள்ளைக்காரர்களில் யாராவது நெற்றியைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்தால் போதும், கரண்டியை அப்படியே வைத்துவிட்டு "எந்திரி, வா வெளிய" என்பாள். உருளைக்கிழங்குத் தோட்டத்துக் கல்சுவரை ஒட்டி, ஒரு காலின் குதிகால் மற்றக் காலின் விரல்நுனியில் முட்டும்படி வைத்து வைத்து நடக்கச் சொல்வாள். தள்ளாடாமல் சுவர் முடியும்வரை போனால் பூண்டு சூப் கிடைக்கும். தள்ளாடினால் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். "மலை எங்கயும் ஓடிப் போயிடாது, நீ மொதல்ல எறங்கு" என்று துரத்துவாள். அவர்களுக்கு நேபாளி தெரியாது. ஆனால் திட்டு எல்லோருக்கும் புரிகிறது.

நான் அவளுடைய சமையல்காரன். ராய் சாதி, கீழ்மலைக்காரன். வேலைக்கு வந்த முதல் வருடம் எனக்கு லேக் பிடித்தது. உயரத்துக்கு ஏறிய உடம்பு காற்றுப் போதாமல் படுத்துவிடும் நோய்க்கு எங்கள் பேச்சில் அதுதான் பெயர். சுவரோரம் நடக்கவைத்தாள், கிழங்குப் பாத்தியில் குப்புற விழுந்தேன். அந்தக் கதையைச் சொல்லிச் சொல்லி இன்னும் சிரிக்கிறார்கள். "லேக் எல்லாம் உங்களுக்குத்தான்டா ராய். ஷெர்ப்பா ரத்தம் வேற" என்று பெம் டோமா மார்தட்டுவாள். பருப்பு அடிப்பிடித்தால் தோட்டத்தின் அந்தக் கோடியிலிருந்தே மோப்பம் பிடித்து வந்து வறுத்தெடுப்பாள். ஆனாலும் அவளை விட்டுப் போக எனக்கு மனம் வந்ததில்லை.

சுவருக்கு அந்தப் பக்கம் ஹெலிகாப்டர் இறங்கும் இடம். நோயாளியை ஏற்ற வருகிறார்கள் என்று போன் வந்தால் அங்கே அவள் வைத்ததுதான் சட்டம். யாக் மாடுகளை விரட்டுவாள். வேடிக்கை பார்ப்பவர்களைச் சுவருக்குப் பின்னால் உட்காரவைப்பாள். காலையில் சாமிக்குப் போடுகிற தூபத்தழையை ஒரு கை அள்ளி நெருப்பில் போட்டு, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பைலட்டுக்குக் காட்டுவாள். "சாமிக்கும் அவனுக்கும் ஒரே பொகைதான். ரெண்டு பேருமே மேல இருக்கறவங்க" என்பாள்.

இந்த மே மாதக் கடைசியில் அவள் தம்பி நுரு வந்தான். அம்மா இறந்த பிறகு இவள் முதுகில் கட்டி வளர்த்த தம்பி. ஒரு காலத்தில் பெரிய சிகரங்களுக்கெல்லாம் மூட்டை சுமந்தவன். இவள் அழுது சண்டை போட்டு அவனை மலையிலிருந்து இறக்கி, காத்மாண்டுவில் செருப்புக்கடை வைக்கச் செய்தாள். எட்டு வருடமாக அவன் ஊர்ப்பக்கம் ஏறவேயில்லை. இந்தக் குளிர்காலத்தில் அப்பா இறந்துபோனார். அவருக்காக மந்திரம் அச்சடித்த துணிக்கொடி கட்ட வேண்டும், நல்ல நாள் நெருங்கிவிட்டது என்று, எங்கும் தங்கி உடம்பைப் பழக்காமல் அடித்துப்பிடித்து ஏறிவந்தான்.

பெம் டோமாவுக்குத் தலைகால் புரியவில்லை. கிழங்கு அடை சுட்டு, அதன் மேல் வெண்ணெயைக் கட்டியாக வைத்தாள்.

"தின்னுடா. டவுனுக்குப் போயி எலும்பாயிட்டே."

"எலும்பா? இந்தத் தொப்பையப் பாருக்கா!"

இரண்டு வாய்தான் தின்றான். தலை வலிக்கிறதென்று தட்டைத் தள்ளினான்.

"அக்கா, இவரையும் சுவத்தோரம் நடக்க விடலாமா?" என்று கேட்டேன்.

"வாயக் கழுவுடா ராய்! தூங்காம வந்திருக்கான், அதான். ஷெர்ப்பாவுக்கு லேக்குன்னு வெளிய சொன்னா ஊரே சிரிக்கும்."

நுருவும் சிரித்தான். "நான் எட்டாயிரம் மீட்டர் ஒசரத்துல தூங்கினவன்பா" என்றான்.

மறுநாள்தான் அந்த நல்ல நாள். விடுதிக் கூரையிலிருந்து எதிரே இருக்கும் பாறைவரை நீளமாகக் கயிறிழுத்துக் கொடிகளைக் கட்டினான். கயிறு சரியாக ஹெலிகாப்டர் இறங்கும் இடத்துக்கு மேலே போனது.

"டேய், அங்க வண்டி எறங்கணும்டா" என்றாள் அக்கா.

"சீசன்தான் முடிஞ்சுதேக்கா. நாளைக்கு மாத்திடறேன். அந்தப் பாறைலதானே அப்பா உக்காந்து யாக் மேய்ப்பாரு?"

அப்பா பேரைச் சொன்னதும் அவள் அடங்கிவிட்டாள். இத்தனை வருடம் மலையில் உழைத்தவன் அந்த இடத்தில் கயிறு கட்டுவானா? அவன் தலை சரியாக இல்லை என்று அங்கேயே எங்களுக்கு உறைத்திருக்க வேண்டும். கண்ணெதிரே வந்து நின்றும் நாங்கள் பார்க்கவில்லை.

அடுத்த நாள் விடிந்ததும் தேநீர் கொண்டுபோனேன். நுரு படுக்கையில் உட்கார்ந்து, ஒரு காலுக்கான பூட்ஸை மற்ற காலில் மாட்டப் பார்த்துக்கொண்டிருந்தான். உதடு நீலம் பாரித்திருந்தது. மூச்சு விடும்போது உள்ளே தண்ணீர் கொதிப்பதுபோல் சத்தம். "அக்கா!" என்று நான் போட்ட கூச்சலில் அவள் ஓடிவந்தாள். அவனை நிமிர்த்தி நிறுத்தினாள். ஒரு அடி எடுத்துவைப்பதற்குள் அவள் தோளிலேயே சரிந்தான்.

சுவர்வரை போகவேயில்லை. பெம் டோமாவின் முகம் வெளுத்துப்போனது. விருந்தாளிகளுக்காக வைத்திருந்த ஆக்சிஜன் உருளையை எடுத்து அவன் மூக்கில் மாட்டினாள். போனை என்னிடம் நீட்டினாள். நான் ஹெலிகாப்டருக்குச் சொன்னேன். கீழே பள்ளத்தாக்கிலிருந்து மேகம் ஏறத் தொடங்கியிருந்தது. அது லுங்தென்னை மூடிவிட்டால் அன்று எந்த ஹெலிகாப்டரும் வராது. தூக்கிக்கொண்டு இறங்கினாலும் வழியிலேயே மூச்சு நின்றுவிடும் என்று கீழ் ஊர் ஆஸ்பத்திரி டாக்டரம்மா போனில் சொன்னார்.

வானத்தில் இரைச்சல் கேட்டது. தழையை நெருப்பில் போட்டேன், புகை எழுந்தது. ஹெலிகாப்டர் ஒரு சுற்று வந்து, இறங்காமல் மேலேயே நின்றது. போன் அடித்தது.

"குறுக்க கயிறு கட்டியிருக்கு. எறங்க முடியாது" என்றார் பைலட். "மேகம் வருது. சீக்கிரம் எடுக்கறீங்களா, நான் திரும்பட்டுமா?"

கட்டிய கொடியை யாரும் அறுப்பதில்லை. காற்றே நூல் நூலாகத் தின்று தீர்க்க வேண்டும், அப்போதுதான் புண்ணியம் போய்ச் சேரும் என்பார்கள். அதுவும் செத்துப்போன அப்பாவுக்கு நேற்றுக் கட்டியது. அறுத்தால் யாருக்கு என்ன வருமோ என்று என் கையே கூசியது. பெம் டோமா என் சமையல் கத்தியைப் பிடுங்கிக்கொண்டு கூரையில் ஏறினாள். "அப்பா, கோச்சுக்காத. ஒம்புள்ளைக்குத்தான்" என்று கத்தியபடி ஒரே வெட்டு. பாறைப் பக்கத்து முடிச்சை நான் அவிழ்த்தேன்.

கொடி தரையைத் தொடக்கூடாது, விசிறியிலும் சிக்கக்கூடாது. அவள் அழுதுகொண்டே முழுவதையும் கைமேல் சுருட்டினாள். நுருவைத் தூங்கும் பையோடு தூக்கியபோது அந்தச் சுருளை அவன் நெஞ்சோடு வைத்து ஜிப்பை இழுத்து மூடினாள். இந்த உயரத்தில் வண்டி ஒருவரைத்தான் தூக்கும் என்றார்கள். அவள் பின்வாங்கினாள். ஹெலிகாப்டர் மேகத்துக்கு மேலே போன பிறகும் தலையில் கைவைத்துச் சுவரில் உட்கார்ந்திருந்தாள்.

"ஊருக்கே சுவத்தக் காட்டினேனே ராய். எம்புள்ளைக்குக் காட்டலையே. வீம்புதான்டா, வேற ஒண்ணுமில்ல."

சோற்றுத் தட்டைக் கொண்டுவந்து அவள் பக்கத்தில் வைத்தேன். "சாப்பிடுங்கக்கா" என்றேன். அவள் சாப்பிடவில்லை.

மறுநாள் மதியம் போனில் நுருவின் முகம் வந்தது. காத்மாண்டு ஆஸ்பத்திரி. கண் உள்ளே போயிருந்தது, ஆனால் சிரித்தான்.

"கொடிய ஜன்னல்ல கட்டியிருக்கேன்க்கா. காத்து நல்லா வருது."

"கொடி கெடக்கட்டும். எந்திரி."

"என்னக்கா?"

"எந்திரிடா! வராந்தாவுல சுவத்தோரமா நட. நர்சு கையில போனக் குடு."

அவன் எழுந்தான். சுவரை ஒட்டி, குதிகாலை விரல்நுனியில் முட்டவைத்து, மெல்ல நடந்தான். "சுவத்தத் தொடாத! தொடாதன்னு சொல்றேன்ல!" என்று இவள் இங்கிருந்து கத்தினாள். அவன் வராந்தாவின் கோடிவரை போனான். ஒருமுறைகூடத் தள்ளாடவில்லை.

"போதுமாக்கா?"

"இன்னொரு வாட்டி."

அவளுக்குப் பின்னால் நின்று நானும் பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் திரும்பத் திரும்ப நடந்தான். அவள் கண்ணீரைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தாள். அடுப்பில் பருப்பு கருகிப் புகை வீடு முழுக்கப் பரவியது. அன்று அவள் என்னைத் திட்டவில்லை.